‘எங்களை’ என்றால் யாரை

என் கணவர் இறந்தது எனக்கு மட்டும் நடந்த விஷயம் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலிலேயே கூட்டம். எனக்கு முன்னால் அழ ஆரம்பித்தவர்கள்தான் அதிகம். ஒரு பெண் என் தோளில் சாய்ந்து, "எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிம்மா" என்று குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அவருக்கு முப்பத்திரண்டு வயது. லிஃப்ட் மெக்கானிக். இதைச் சொன்ன உடனே எல்லாரும் ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "விழுந்துட்டாரா?" என்று கேட்கிறார்கள். விழவில்லை. காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, மூச்சு முட்டியது, போய்விட்டார். லிஃப்ட் அவரை ஒன்றும் செய்யவில்லை. இதை நான் விளக்கிச் சொல்லும்போது கேட்பவர் முகத்தில் லேசான ஏமாற்றம் தெரியும். பிறகு சமாளித்துக்கொண்டு, "ரொம்ப நல்லவரு" என்பார்கள்.

நல்லவர்தான். அதுதான் பிரச்சினை. நல்லவர்களைக் கட்டிக்கொள்ளக் கூடாது என்று யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். கெட்டவனைக் கட்டிக்கொண்டால் அவன் முழுசாக நமக்கு மட்டும் இருப்பான், வேறு யாருக்கும் வேண்டாம். நல்லவர் என்றால் ஊரே பங்கு கேட்கும். அத்தைக்கு ஒரு பங்கு, நாத்தனாருக்கு ஒரு பங்கு, சபைக்குப் பெரிய பங்கு. மிச்சம் மீதி கட்டிலின் அந்தப் பக்கம் வந்து படுக்கும். அதற்குள் அதற்குத் தூக்கம் வந்திருக்கும்.

காலையில் எழுந்தவுடன் அத்தைக்கு இன்சுலின் ஊசி போடுவார். அத்தை கையை நீட்டிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள். அவர் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே குத்திவிடுவார், "போட்டாச்சா?" என்று அத்தை ஆச்சரியப்படுவாள். தினமும் அதே ஆச்சரியம். பிறகு சமையலறையில் ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாக ஜெபம் பண்ணுவார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். அத்தையின் சர்க்கரை, நாத்தனாரின் இடுப்பு வலி, அவள் பிள்ளைகளின் பரீட்சை, போதகரின் தொண்டை, பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவரின் வேலை, வீட்டு ஓனரின் மருமகள், ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்காகக் காத்திருந்த இடத்தில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவரின் கண் ஆபரேஷன். எல்லாருக்கும் பெயர் சொல்லித்தான் கேட்பார். என் பெயர் வராது.

நான் கேட்கவில்லை. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள அது என்ன மாலையா? தானாகவே ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். பல் வலியில் கன்னம் வீங்கிக் கிடந்த நாளில்கூட ஜெபத்தில் போதகரின் தொண்டைதான் வந்தது. ஜெபம் முடிந்ததும் எழுந்து வந்து என் கன்னத்தில் கை வைத்துப் பார்த்தார், லீவு போட்டு டாக்டரிடம் அழைத்துப் போனார், அது வேறு விஷயம். டாக்டரிடம் அழைத்துப் போகிறவர் பெயரைச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

உண்மையைச் சொன்னால் அத்தையிடம்கூட எனக்கு அவ்வளவு பொறாமை இல்லை. என் சக்களத்தி கடவுள்தான். சக்களத்தி பெண்ணாக இருந்தால் தெருவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம். இவரிடம் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? காலையில் என் கணவர் மனசு விட்டுப் பேசுகிற முதல் பேச்சு அவரிடம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவருடன். சண்டை போட்டுவிட்டு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், இவர் சமையலறை நாற்காலிக்குப் போய் அவரிடம் முறையிடுவார். அவர் என்ன பதில் சொன்னாரோ, சிரித்த முகமாகத் திரும்பி வருவார். எங்கள் சண்டைக்கு நடுவே இன்னொருவர் வந்து சமாதானம் பண்ணி அனுப்பி வைத்தால் எந்தப் பெண்டாட்டிக்கு வயிறு எரியாது?

அடக்கம் முடிந்து சில நாள் கழித்துப் போதகர் போன் பண்ணினார்.

"வர ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச உடனே தம்பிக்கு நினைவுக் கூட்டம் வெச்சிருக்கோம்மா. நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"பெருசா ஒண்ணும் வேணாம். அவரப் பத்தி உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு."

உங்களுக்கு மட்டும். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். போனை வைத்த பிறகு அது முள்ளாகத் தைத்தது. எனக்கு மட்டும் தெரிந்தது என்ன?

நான் ஒரு துணிக்கடையின் பின்னறையில் ஆல்ட்டரேஷன் வேலை பார்க்கிறேன். பேன்ட் கால் மடிப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. அன்று முழுக்கக் கை தைத்துக்கொண்டிருந்தது, மனசு தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒன்று கிடைத்தது. புது உடுப்பு எது வாங்கினாலும் கழுத்தில் குத்துகிற லேபிளை அவர்தான் வெட்டித் தருவார். நான் தையல்காரி, கத்தரி என் கையோடு பிறந்தது, ஆனாலும் விட மாட்டார். விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு நூல் மிச்சமில்லாமல் பிரித்தெடுத்து, தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார். "இப்ப குத்தாது மகாராணி" என்பார். இதைச் சொல்லலாம் என்று தீர்மானித்தேன். சொல்லும்போது குரல் எங்கே உடையும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று சாயங்காலம் நாத்தனார் வந்தாள். அவருக்கு அக்கா, என்னை விடப் பெரியவள். பேச்சுவாக்கில் நான் லேபிள் விஷயத்தைச் சொல்லித் தொலைத்தேன்.

"அய்யோ, அதுவா" என்று கண்ணைத் துடைத்தாள். "சின்ன வயசுலேர்ந்து எனக்கு அவன்தான் வெட்டித் தருவான். எனக்குக் கழுத்தெல்லாம் சிவந்து போயிடும்ல. கன்னத்துல தேச்சுப் பாத்துட்டுதான் குடுப்பான்."

"அப்படியா அண்ணி."

"'இப்ப குத்தாது மகாராணி'ம்பான்."

நான் எழுந்து போய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை பிரேக் அண்ணன் வந்தார். என் கணவரோடு வேலை பார்த்தவர், வயதில் மூத்தவர். அவருக்கு அந்தப் பெயர் வைத்ததே என் கணவர்தான். பேசிக்கொண்டே வந்து பாதியில் நின்றுவிடுவார். யாராவது இருமினால் நிற்பார், கதவு திறந்தால் நிற்பார், சும்மாவும் நிற்பார். மீதியை அடுத்த வாரம் கேட்டு வாங்க வேண்டும். லாக்கரைக் காலி பண்ணி ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பூட்ஸ், ஃபிளாஸ்க், கிரீஸ் படிந்த ஜாக்கெட், பாதி தின்ற இருமல் மிட்டாய். அத்தை சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து ஜாக்கெட்டை மட்டும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு இருமல் மிட்டாய் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி" என்றார் பிரேக் அண்ணன். "எனக்குச் சாமி, சபை இதெல்லாம் பழக்கம் கிடையாது. ஆனா தம்பியோட ஜெபம் எனக்கு மனப்பாடம்."

"எப்படிண்ணே?"

அவர் சொன்னது இது. ஒரு லிஃப்ட்டைப் பழுது பார்த்து முடித்தால், முதலில் ஆள் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒருத்தர் உள்ளே ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்களை விடுவது. பிரேக் அண்ணன் உச்சியில் மெஷின் ரூமில் நிற்பார். என் கணவர் தனியாகக் கூண்டுக்குள் ஏறிக்கொள்வார். இரண்டு பேர் கையிலும் வாக்கி டாக்கி.

"வாக்கி டாக்கி பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஜெபம் பண்ணுவான். 'ஆண்டவரே, எங்களைப் பத்திரமா மேல கொண்டு போய்ப் பத்திரமா கீழ கொண்டு வாரும்.' அவ்ளோதான். அப்புறம் 'அண்ணே, விடுங்க'ம்பான். நான் விடுவேன்." தண்ணீர் குடித்தார். "அதுல எனக்கு மொதல்ல ஒரு சந்தேகம் வந்துச்சு தங்கச்சி. உள்ள இருக்கறது அவன் ஒருத்தன். 'என்னை'ன்னுதானே சொல்லணும்? 'எங்களை'ங்கறான். தினம் தினம் தப்பாவே சொல்றான்."

"சபைல எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்லுவாங்க" என்றேன். "கூட்டமா சொல்லிச் சொல்லி அதே வாயில வந்துடும்."

"அப்படியா? ஆனா முன்னாடியெல்லாம்..." என்றார். அதற்குள் சோபாவிலிருந்து விசும்பல் கேட்டது. அவர் நின்றுவிட்டார்.

"அது நான்தாம்பா" என்றாள் அத்தை. ஜாக்கெட்டை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "அவனோட அப்பா தவறினப்ப அவன் சின்னப் பையன். ராத்திரி ஆனா பயப்படுவான். ரெண்டு பேரும் கட்டில்ல உக்காந்துக்கிட்டு 'எங்களைக் கைவிடாதேயும்'னு சொல்லுவோம். அவனும் நானும். அத இவ்வளவு வருஷமா விடாம வெச்சிருந்திருக்கான் பாரு என் புள்ள. அந்தரத்துல தொங்குறப்பகூட அம்மாவ விடல பாரு."

பிரேக் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகி மூடினார். பிறகு கிளம்பிவிட்டார்.

அந்த வார்த்தை என் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை அதைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் வாசலில் நின்றதுதான் மிச்சம். போதாததற்கு அத்தை நாத்தனாருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொல்ல, அந்தப் பக்கத்திலிருந்து எனக்கே கேட்கிற மாதிரி பதில் வந்தது. "நானும் அந்தக் கட்டில்லதானம்மா இருந்தேன்? அந்த 'எங்களை'ல நானும் உண்டு." அம்மாவுக்கும் மகளுக்கும் கொஞ்ச நேரம் அதில் வாக்குவாதம் நடந்தது. எனக்கு எவ்வளவு பங்கு என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? அந்தக் கட்டிலில் நான் இல்லை. அவருடைய பயந்த வயதில் நான் இல்லை. எப்போதும் பிந்தி வந்தவள் நான்.

ஆனால் "முன்னாடியெல்லாம்" என்று ஒரு துண்டு என் காதில் தங்கிவிட்டது. முன்னாடியெல்லாம் என்ன? அரை சட்டை தைத்துக் கொடுத்துவிட்டு ஓடிய தையல்காரனை விடலாம், இந்த மனுஷனை விட முடியாது. மதியம் கடையில் சாப்பாட்டு நேரத்தில், தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் அன்று பிரேக் அண்ணனுக்கு வேலை. கீழே லிஃப்ட் வாசலில் மஞ்சள் தடுப்பு வைத்து, "பழுது பார்க்கப்படுகிறது" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். படிக்கட்டில் ஏறினேன். மூச்சு வாங்க வாங்க அவர் மேல்தான் கோபம் வந்தது. ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லத் தெரியாத ஆளால் ஒரு பெண் இத்தனை மாடி ஏற வேண்டியிருக்கிறது.

மொட்டை மாடியில் மெஷின் ரூம். தாழ்வான இரும்புக் கதவு. உள்ளே எண்ணெய் வாசனை, சூடு, நடுவில் பெரிய மோட்டார். அதன் சக்கரத்தில் கம்பிக் கயிறுகள் இறங்கித் தரையில் இருந்த ஓட்டைக்குள் மறைந்தன. இப்படி ஒரு ஓட்டைக்குக் கீழேதான், ஆழத்தில், என் கணவர் தொங்கிக்கொண்டிருந்திருப்பார். பிரேக் அண்ணன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

"என்ன தங்கச்சி, இவ்வளவு தூரம்?"

"முன்னாடியெல்லாம்னீங்களே."

"எப்ப?"

"காலைல. பாதில விட்டீங்க."

"அம்மா அழுதாங்க. அதான்."

"இங்க யாரும் அழல. மிச்சத்தைச் சொல்லுங்க."

அவர் கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். எனக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"முன்னாடியெல்லாம் 'என்னை'ன்னுதான் சொல்லுவான். வேலைக்குச் சேந்ததுலேர்ந்து. 'என்னைப் பத்திரமா கொண்டு போம்.' நான் நல்லாக் கேட்டிருக்கேன். அப்புறம் கல்யாணத்துக்கு லீவு போட்டான். திரும்பி வந்த மொத நாளு ஒரு ஆஸ்பத்திரி லிஃப்ட்டு. பட்டன அமுக்கறான், 'எங்களை'ங்கறான். அன்னிலேர்ந்து மாத்தவே இல்ல."

கல்யாணத்துக்கு முன்னால் என்னை. பின்னால் எங்களை. அத்தை எப்போதும் இருந்தாள், நாத்தனார் எப்போதும் இருந்தாள், சபையும் இருந்தது. அந்த லீவில் புதிதாக வந்தது நான் ஒருத்திதான்.

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேனே. 'டேய், உள்ள இன்னும் யாருடா இருக்கா? வெயிட்டு கூடிடப் போகுது'ன்னு மேலேர்ந்து கத்தினேன்."

"அதுக்கு?"

அவர் நின்றுவிட்டார். துணியை மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது, அதை எடுத்து அவர் மேல் எறிந்திருப்பேன்.

"அதுக்கு என்ன சொன்னார்ண்ணே?"

"சிரிச்சான்."

"சிரிச்சது மட்டும்தானா?"

"'கூடாதுண்ணே. அவ ஒல்லி'ன்னான்."

நான் அந்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் நான் அழவில்லை, அடக்கத்தில் அழவில்லை. மற்றவர்கள் அவ்வளவு அழுததில் எனக்கு வெட்கமாகவே இருந்தது. இங்கே எண்ணெய்க் கறை படிந்த தரையைப் பார்த்துக்கொண்டு, மூக்கு ஒழுக, வாய் கோணிப்போக அழுதேன். ஒல்லியாம். வீட்டில் ஒரு நாள்கூட என்னை ஒல்லி என்று சொன்னதில்லை. "நீ சாப்பிடறதே இல்ல" என்றுதான் திட்டுவார். பிரேக் அண்ணன் மோட்டாரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இந்த ஒரு தடவை அவர் பேச்சை நிறுத்திக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது.

"லிஃப்ட்டு சரியாயிடுச்சு" என்றார் கொஞ்சம் கழித்து. "நான் ஓட்டிப் பாத்துட்டேன். பயப்படாம அதுலயே இறங்குங்க."

கூண்டுக்குள் தனியாக நின்றேன். சுவரில் கண்ணாடி இருந்தது. கதவு மூடியதும் அவர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். "ஆண்டவரே, எங்களை." அப்போதுதான் அது உறைத்தது. சின்ன வகுப்பில் எல்லாரும் படித்ததுதான். நம்மை என்றால் கேட்கிற ஆளும் அதற்குள் உண்டு. எங்களை என்றால் கேட்கிற ஆள் வெளியே. அவர் கேட்டது கடவுளிடம். அப்படியென்றால் அந்த வார்த்தைக்குள் அவரும் நானும் மட்டும்தான், கடவுளுக்கு அதில் இடமில்லை. என் சக்களத்தியிடமே பேசிக்கொண்டு, அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார் என் கணவர். எத்தனை லிஃப்ட், எத்தனை கட்டடம். கண்ணாடியில் பார்த்தேன். அழுது வீங்கிய முகத்தோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும் காத்திருந்தவர்கள் பயந்து விலகி வழி விட்டார்கள்.

சபை கூடுவது ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிற ஹாலில். ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி, படிக்கட்டிலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் அத்தை, பக்கத்தில் நான், அந்தப் பக்கம் நாத்தனார். கடைசி வரிசையில் பிரேக் அண்ணன், இஸ்திரி போட்ட சட்டையோடு, செருப்பை எங்கே கழற்றுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் கழற்றவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவருக்கு வீடு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஒருவருடைய அப்பாவைத் தோளில் தூக்கி மாடி ஏற்றியிருக்கிறார். ஒரு பெண், "என் பேரைச் சொல்லித் தினமும் ஜெபிப்பேன்னு சொல்லிருந்தாரு" என்றாள். மற்ற நாளாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு பக்கம் எரிந்திருக்கும். அன்று ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். பேசட்டும். பெயர் சொல்லிக் கேட்டதெல்லாம் அவர்களுக்கே. அவர் தனக்கென்று கேட்டதற்குள் இருப்பது நான்.

பிறகு அத்தை எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மைக் வரை போனாள். வாக்கி டாக்கி கதையைச் சொன்னாள். கட்டிலைச் சொன்னாள். "எங்களைன்னா நானும் அவனும்" என்று சொல்லும்போது அவள் குரல், நான் லேபிளுக்காக யோசித்து வைத்திருந்த அதே இடத்தில் உடைந்தது. ஹாலே அழுதது. நாத்தனார் "நானும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அழுதாள். போதகர் மைக்கை வாங்கிக்கொண்டு, "அந்த ‘எங்களை’க்குள்ள தாய் மட்டும் இல்ல, இந்தச் சபையே இருந்துச்சு, நாம எல்லாரும் இருந்தோம்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆளுக்கொரு கை பிய்த்துக்கொண்டு போனார்கள். எனக்கு உட்கார்ந்த இடத்தில் கொதித்தது. கொஞ்சம் முன்னால் இருந்த ராணி எங்கே போனாள் என்று தெரியவில்லை.

"இப்ப தம்பியோட துணைவியார்."

மைக் என் கையில் வந்தது. கடைசி வரிசையில் பிரேக் அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லவா என்று அவர் புருவம் கேட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லை, நானே சொல்லலாம். கல்யாண லீவு. வெயிட்டு. ஒல்லி. அத்தையின் கட்டில், நாத்தனாரின் பங்கு, போதகரின் சபை, எல்லாம் ஒரு நிமிஷத்தில் காலி. அத்தை ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

பிரேக் அண்ணனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தேன். அத்தை மேல் இரக்கப்பட்டு என்று நினைக்க வேண்டாம். அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் சுத்தமாக இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இவர்கள் சிரிப்பார்கள், அழுவார்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை "அவ ஒல்லி" பிரசங்கத்தில் வரும். நாத்தனார், "என்னையும் ஒல்லின்னுதான் சொல்லுவான்" என்பாள். இருக்கிற ஒன்றையும் பந்தியில் வைத்துப் பரிமாற நான் தயாராக இல்லை.

"அவர் தினமும் லிஃப்ட்டுல ஜெபம் பண்ணினார்" என்றேன். "அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். சொல்ல மாட்டேன்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். கீழே டயர் கடையில் யாரோ காற்றடிப்பது கேட்டது. போதகர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கி, "முடிவு ஜெபம் பண்ணுவோம்" என்றார். நாத்தனார் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டும். நான் ஜெயித்துவிட்டேன். என் இடத்தில் போய் உட்கார்ந்து கண்ணை மூடினேன்.

போதகர் சொல்லச் சொல்ல ஹால் முழுக்கத் திருப்பிச் சொல்வது இங்கே வழக்கம்.

"ஆண்டவரே" என்றார்.

"ஆண்டவரே" என்றோம்.

"எங்களைக் கைவிடாதேயும்."

அத்தனை வாயும் சேர்ந்து சொன்னது. நானும் வாயைத் திறந்தேன். இனி அது என் வார்த்தை, எல்லாரையும் விட எனக்குத்தான் அதைச் சொல்ல உரிமை. திறந்த வாய் அப்படியே நின்றது. எங்களை என்றால் யாரை? நானும் இன்னும் யார்? பக்கத்தில் நிற்க அவர் இல்லை. அந்த வார்த்தையைச் சண்டை போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன், அதைச் சொல்வதற்கு எனக்கு ஆள் இல்லை. இந்த வாழ்க்கை முழுக்க இனி எந்தக் கூண்டில் ஏறினாலும் நான் ஒருத்திதான்.

"என்னை" என்று வந்தது. மெதுவாகத்தான் சொன்னேன். "என்னைக் கைவிடாதேயும்."

அதே நேரம் இடது பக்கத்திலிருந்து இன்னொரு குரல், அதே வார்த்தையை, அதே மாதிரி மெதுவாகச் சொன்னது. என்னை. நான் கண்ணைத் திறந்தேன். அத்தையும் திறந்திருந்தாள். அந்த ஹாலில் தப்பாகச் சொன்னது நாங்கள் இரண்டு பேர்தான்.